போக முதல் தெரிய வேண்டியது

போன மாதம் கார் து நோர் ரயில் நிலையத்தில் ஒரு விளம்பரத்தைப் பார்த்து எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. சுவரை மறைத்துக்கொண்டு ஒரு படம். முதுகில் தேயிலைக் கூடையோடு ஒரு பெண் பல் தெரியச் சிரிக்கிறாள். 'புன்னகைக்கும் தீவு' என்று பிரெஞ்சில் கொட்டை எழுத்து. அதற்குக் கீழே இலங்கைக்குப் போகிறவர்களுக்கான அவசியக் குறிப்புகளாம்: பருவம், நாணயம், விசா, சாப்பாடு. மொழி என்ற இடத்தில் சிங்களமும் ஆங்கிலமும் மட்டும் இருந்தன. படத்தில் சிரிக்கிற அந்த மலையகத்துப் பெண் தன் வீட்டில் என்ன மொழி பேசுவாள் என்று இதை எழுதினவனுக்கு ஒருவரும் சொல்லவில்லை. அவளைச் சிரிக்கச் சொன்னவன் எந்த மொழியில் சொன்னானோ!

வேலைக்குப் பிந்திப்போய்விட்டது என்று தெரிந்தும் அங்கேயே நின்றேன். அக்கா இதைப் பார்த்திருந்தால் சும்மா விட்டிருக்க மாட்டார். கைப்பையிலிருந்து பேனாவை எடுத்து அந்தப் பெண்ணின் கூடைக்குப் பக்கத்திலேயே 'தமிழ்' என்று எழுதியிருப்பார். தடுக்க வந்த காவலாளிக்கும் அரை மணித்தியாலம் பாடம் எடுத்திருப்பார்.

அக்கா என்றால் என் கூடப்பிறந்தவர் இல்லை. எங்கள் ஆட்களின் கடைகள் நிறைந்த லாச்சப்பலில், ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில், மரக்கறிக் கடைக்கும் சலூனுக்கும் நடுவில் விமான டிக்கெட் கடை வைத்திருந்தவர். கடை என்ன கடை, இரண்டு மேசை போட்டால் மூன்றாவது ஆள் வாசலில் நிற்க வேண்டிய இடம். ஒரு மேசை அவருக்கு, மற்றது எனக்கு. லாச்சப்பல் முழுக்க அவருக்கு 'டிக்கெட் அக்கா' என்றுதான் பெயர். கட்டையான ஆள். கோடையிலும் கம்பளிச் சட்டையைக் கழற்ற மாட்டார். மூக்குக்கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்துக்கொண்டு, வந்தவரை மேலும் கீழும் பார்ப்பார்.

மற்றக் கடைகளில் முதலில் திகதி கேட்பார்கள். அக்கா, "போற இடத்தைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்? சொல்லுங்கோ பாப்பம்" என்பார். ஆள் சொல்லி முடிக்கும் மட்டும் அவர் கை கணினியில் படாது. வெள்ளைக்காரன் என்றாலும் இதுதான், சொந்த மச்சான் என்றாலும் இதுதான். யாராவது பிழையாக ஒன்றைச் சொன்னால் கண்ணாடி தலையிலிருந்து மூக்குக்கு இறங்கும்.

"ஆர் உங்களுக்குச் சொன்னது?"

இந்தக் கேள்விக்கு நான் கண்ட அளவில் ஒருவரும் ஒழுங்காகப் பதில் சொன்னதில்லை.

பிரெஞ்சுக்காரருக்கு என்று ஒரு பாடம் வைத்திருந்தார். அவருடைய பிரெஞ்சு யாழ்ப்பாணத்துச் சுன்னாகம் சந்தையில் பேரம் பேசுகிற மாதிரி இருக்கும், ஆனால் ஒருவருக்கும் விளங்காமல் போனதில்லை. ஓகஸ்ட் வக்கோன்ஸ் விடுமுறைக்குத் தெற்குக் கடற்கரைக்குப் போனால் மழையும் கொந்தளிப்பும்தான் கிடைக்கும். அந்த நேரம் கிழக்குக்கும் வடக்குக்கும் போங்கள். பௌர்ணமிப் போயா நாளில் மது விற்கமாட்டார்கள்; கடைக்காரனோடு மல்லுக்கட்டாதீர்கள். புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டிப் படம் எடுக்காதீர்கள். கையில் புத்தரைப் பச்சை குத்தியிருந்தால் நீட்டுச் சட்டை போடுங்கள், இல்லாவிட்டால் விமான நிலையத்திலேயே திருப்பி ஏற்றிவிடுவார்கள். யாழ்ப்பாணத்துக் கோயிலில் ஆண்கள் மேற்சட்டையைக் கழற்ற வேண்டும். சோதனைச் சாவடியைப் படம் எடுக்காதீர்கள். தலையை இரண்டு பக்கமும் ஆட்டினால் அது 'இல்லை' என்று அர்த்தமில்லை. கடைசியாக, நன்றி சொல்வதற்கு இரண்டு சொல் பழக்குவார். ஒன்று சிங்களத்தில், ஒன்று தமிழில். இரண்டையும் அவர்கள் வாயால் சொல்லிக் காட்டிய பிறகுதான் டிக்கெட்.

எங்கள் ஆட்களுக்கு வேறு பாடம். அது இதைவிடக் கஷ்டம்.

ஒருமுறை புறநகர் சென்-தெனியிலிருந்து ஒரு அண்ணை வந்தார். முப்பது வருடத்துக்குப் பிறகு முதல் தடவையாக ஊருக்குப் போகிறார். அக்கா வழமையான கேள்வியைக் கேட்டதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் அங்கை பிறந்து வளந்தனான் தங்கச்சி. எனக்கே நீர் பாடம் எடுக்கிறீரோ?"

"நீங்கள் பிறந்த ஊர் இப்ப அங்கை இல்லை அண்ணை. அதாலைதான் சொல்லுறன், கேளுங்கோ. ஒரு வீட்டுக்குப் போனால் எடுத்த எடுப்பிலை 'மூத்தவன் எங்கை?' எண்டு கேக்கக் கூடாது. முதல் சுவரைப் பாருங்கோ. மாலை போட்ட படம் இருந்தால் விளங்கும்தானே. ஆளையும் காணேல்லை, சுவரிலை படமும் இல்லையெண்டால் வாயே திறக்கக் கூடாது. அந்தத் தாய் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறா. படத்துக்கு மாலை போட அவவுக்கு மனம் வரேல்லை."

அண்ணை வெடுக்கென்று, "இதெல்லாம் எனக்குத் தெரியும்" என்றார். டிக்கெட்டை வாங்கிக்கொண்டு போனார். திரும்பி வந்ததும் நேரே கடைக்கு வந்து என் கதிரையில் இருந்தார்.

"தங்கச்சி, நான் கேட்டுப்போட்டன்."

பள்ளிக்கூடத்தில் கூடப் படித்த நண்பனின் வீடு. பழைய பழக்கத்தில் படலையைத் திறக்கும்போதே நண்பனின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு போயிருக்கிறார். கிழவி வெளியே ஓடிவந்து, "வந்திட்டானோ? உன்னோடையோ வந்தவன்?" என்று அவருக்குப் பின்னால் ரோட்டை எட்டிப் பார்த்ததாம். அக்கா அவரை ஒரு வார்த்தை ஏசவில்லை. பக்கத்துக் கடையிலிருந்து தேத்தண்ணி எடுப்பித்துக் கொடுத்தார்.

எனக்குச் சில நாள் அவரில் சரியான எரிச்சல் வரும். ஒரு யோகா ஆசிரியை ஒரு கூட்டத்துக்கே டிக்கெட் போட வந்தாள். நல்ல பெண்தான். ஆனால், "அந்தத் தீவு எவ்வளவு அமைதியானது! அங்கே மனிதர்கள் எப்போதும் சிரித்துக்கொண்டே இருக்கிறார்கள்" என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். அக்காவின் கண்ணாடி இறங்கியது. நான் மேசைக்குக் கீழால் அவர் காலைத் தட்டினேன். கேட்டால்தானே! எத்தனை பேர் செத்தார்கள், எத்தனை பேர் காணாமல் போனார்கள், ஆர் ஆருடைய காணியில் ஆர் இருக்கிறார்கள் என்று எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, "இனிச் சொல்லுங்கோ மதாம், எப்ப போகப்போறியள்?" என்றார். அந்த மதாம் வேறு கடைக்குப் போய்விட்டாள்.

"அக்கா, உங்களுக்கு விசரே? சிரிக்கினம் எண்டால் சிரிக்கட்டும். எங்களுக்கு என்ன?"

"பொய்யைச் சொல்லி ஆளை பிளேனிலை ஏத்தேலாது பிள்ளை. அவ அங்கை இறங்கிச் சிரிச்சுக்கொண்டு நிப்பா. முன்னுக்கு நிக்கிற தாய்க்கு எப்பிடி இருக்கும்?"

கடையில் மட்டும்தான் இந்தக் குணம் என்றில்லை. ரூ பஜோல் கோயில் தேர் அன்றைக்கு, தெரு முழுக்கத் தேங்காய் உடைத்துக் குவிக்கிற அந்த நெரிசலில், ஒரு பெடியன் பிரெஞ்சுக்காரி ஒருத்திக்கு, "இது அதிர்ஷ்டம் வரும் என்று உடைப்பது" என்று விளக்கிக்கொண்டு நின்றான். அக்கா வெறுங்காலோடு சிரட்டைகளுக்கு மேலால் பாய்ந்து போய் அவனைப் பிடித்தார். "ஆரடா உனக்குச் சொன்னது? அது நேர்த்தி. கேட்டது கிடைச்சதுக்குக் குடுக்கிறது. லொத்தர் டிக்கெட்டோ இது?" பெடியன் பாவம், பிரெஞ்சில் மன்னிப்புக் கேட்டான். அந்தப் பிரெஞ்சுக்காரிதான் சந்தோஷமாக எல்லாவற்றையும் குறித்துக்கொண்டாள்.

இப்படி ஊருலகத்தையெல்லாம் ஏற்றி அனுப்பிய மனிசி தான் மட்டும் போகவில்லை. அகதி அட்டை வைத்திருந்த காலத்தில் போக முடியாது. அந்தப் பயணப் பத்திரத்தில் இலங்கையைத் தவிர எல்லா நாட்டுக்கும் போகலாம் என்று போட்டிருக்கும். பிறகு பிரெஞ்சுக் குடியுரிமை கிடைத்தது. அப்போதும் போகவில்லை. அவருடைய வீடு வடக்குக் கடலோரத்தில், இராணுவத்தின் பாதுகாப்பு வலயத்துக்குள் இருந்தது. போர்க் காலத்தில் ஒரு நாள் விடிய, உடுத்த உடுப்போடு எழுப்பிக் கலைத்த ஊர் அது. போர் முடிந்தது. பக்கத்து ஊர்களைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சனத்துக்குத் திருப்பி விட்டார்கள். அவருடைய ஊரை விடவில்லை. ஆர் வீட்டுக் காணியை ஆர் ஆருக்கு 'விடுகிறது'?

தாய் உயிரோடு இருந்தா. முள்ளுக்கம்பிக்கு இந்தப் பக்கம், சுன்னாகத்தில், ஆரோ வீட்டின் பின் அறையில் வாடகைக்கு இருந்தா. வேறு பிள்ளைகள் இல்லை. கிழமைக்கு ஒருதரம் கடைக்குத் தொலைபேசி வரும். காது மந்தமாகையால் பெரிய சத்தமாகப் பேசுவா. கடையில் நிற்கிற எல்லாருக்கும் கேட்கும்.

"பிள்ளை, எப்பயடி வாறாய்?"

"வீடு விடட்டும் அம்மா. விட்ட அண்டைக்கே வந்து உங்களைக் கூட்டிக்கொண்டு போறன். வாடகை வீட்டுக்கு விருந்தாளியா நான் வரமாட்டன்."

"நான் கண்ணை மூட முதல் விடுவாங்களோ?"

"விடுவாங்கள் அம்மா."

அக்காவுக்கு உலகத்தில் வேண்டியிருந்தது அது ஒன்றுதான். அந்த மனிசியின் கையைப் பிடித்துக்கொண்டுபோய் அவவுடைய வீட்டு வாசலில் விடவேண்டும். இதற்கு எத்தனை மனு, எத்தனை கடிதம்! ஒன்றுக்கும் ஒழுங்கான பதில் இல்லை.

பிறகு அந்த வயதுபோன பிரெஞ்சுத் தம்பதி வந்தார்கள். அக்காவிடம் பாடம் கேட்டு, இரண்டு மொழியிலும் நன்றி சொல்லிக் காட்டி, ஓகஸ்டில் போய் வந்தவர்கள். நன்றி சொல்ல ஒரு பூச்செண்டோடு வந்திருந்தார்கள். "நீங்கள் சொன்னபடியே வடக்குக்குப் போனோம்" என்று மிசியூ பெருமையாகச் சொன்னார். மதாம் கைக்கணினியில் படங்களைத் தள்ளித் தள்ளிக் காட்டினா. கோயில், பனை, ரயில். பிறகு ஒரு ஹோட்டல். கடலோரம், பச்சைப் புல்வெளி, வெள்ளைக் கதிரைகள். படையாட்கள் நடத்துகிற இடமாம். சரியான துப்புரவாம். பரிமாறுகிற பெடியன்கள் எழும்பி நின்று சல்யூட் அடிப்பார்களாம்.

அக்கா கண்ணாடியை இறக்கினார். படத்தின் மூலையில் கலங்கரை விளக்கம் தெரிந்தது. அதை இரண்டு விரலால் பெருப்பித்தார். கரையில் இருந்த முருகைக்கல் திட்டைப் பெருப்பித்தார். பிறகு புல்வெளியைப் பெருப்பித்தார். அங்கே பெருப்பிக்க ஒன்றும் இருக்கவில்லை.

"இது எங்கடை வளவு" என்று தமிழில் என்னைப் பார்த்துச் சொன்னார். பிறகு அதையே பிரெஞ்சில் அவர்களுக்குச் சொன்னார்.

மதாம் கண் கலங்கி அக்காவைக் கட்டிப்பிடித்தா. "இவ்வளவு அழகான இடத்தில் பிறந்திருக்கிறீர்களே! எவ்வளவு கொடுத்துவைத்தவர் நீங்கள்!" என்றா.

நல்ல மனிசிதான், கெட்ட எண்ணமே இல்லை. ஆனாலும் அந்தப் பூச்செண்டாலேயே ஒன்று போடவேண்டும் போல எனக்கு இருந்தது. நான்தான் அவர்களைக் கதவடி வரைக்கும் கொண்டுபோய் விட்டேன்.

அன்றைக்குப் பின்னேரமே அக்கா அந்த ஹோட்டலில் அறை பதிந்தார். தனக்கும் தாய்க்கும். இந்தக் கதை பரவியதும் லாச்சப்பலே கடையில் வந்து நின்றது. மரக்கறிக் கடைக்காரர் நேரேயே கேட்டார்: "அவங்களுக்குக் காசு குடுத்து உங்கடை வீட்டிலை படுக்கப் போறியளோ? வெக்கமில்லையே?"

"இருக்கு, வெக்கம் இருக்கு. ஆனால் அம்மாவுக்கு வயசு போகுது. வேறை வழியிருந்தால் நீங்கள் சொல்லுங்கோ."

மரக்கறிக் கடைக்காரர் தன் கடைக்குத் திரும்பிப் போனார். அக்காவுக்கு நான்தான் டிக்கெட் போட்டேன். அவருக்குத் தெரியவேண்டியது என்று சொல்ல என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை.

அக்கா போய்வந்தார். ஒருநாள் மழைக்கு ஆட்கள் வராத நேரம் பார்த்து எனக்கு மட்டும் சொன்னார்.

தாய் விடியவே தோய்ந்து, இருந்ததில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு, ஆட்டோ வரமுதலே ரோட்டில் வந்து நின்றாவாம். ஹோட்டல் வாசலில் துவக்கோடு ஒரு பெடியன். அக்காவின் பிரெஞ்சுக் கடவுச்சீட்டைப் பார்த்ததும், "வெல்கம் மேடம்" என்று சல்யூட் அடித்தான். தாயின் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். உள்ளே போய்ப் பெரியவனைக் கேட்டுக்கொண்டு வந்தான். வெளிநாட்டார் போகலாம். இந்த ஊர் ஆட்களுக்கு முகாமில் முன்கூட்டியே அனுமதி எடுக்க வேண்டும். இன்றைக்கு முடியாது. மன்னிக்க வேண்டும்.

கேளுங்கள் இந்த அநியாயத்தை! காணி உறுதி தாயின் பேரில். பிறந்தது, கலியாணம் கட்டியது, பிள்ளை பெற்றது எல்லாம் அந்த வளவில். அவ வெளியே நிற்க வேண்டுமாம். மகள் பிரெஞ்சுக்காரி என்றபடியால் உள்ளே போகலாமாம், குளிர்பானமும் கொடுப்பார்களாம்.

அக்கா கத்தியிருக்கிறார். அழுதும் பார்த்திருக்கிறார். கடைசியில், "வாங்கோ அம்மா, திரும்பிப் போவம்" என்று ஆட்டோவில் ஏறப் போனபோது தாய்தான் மறித்தா.

"நீ போ. இவ்வளவு தூரம் வந்திட்டு என்ன திரும்பிறது? போய்ப் பாத்திட்டு வந்து எனக்குச் சொல்லு. நான் உதிலை நிழலுக்கை இருக்கிறன்."

அக்கா போனார். சீருடை போட்ட இன்னொரு பெடியன் இளநீரோடு வந்து, விருந்தாளிகளுக்குச் சொல்வதை அவருக்கும் சொன்னான். முந்தி இது வெறும் காடாம். ஒருவரும் இருக்கவில்லையாம். படையினர்தான் துப்புரவாக்கி இப்படி அழகாக்கினார்களாம். நான் பல்லைக் கடித்துக்கொண்டு, "நீங்கள் என்ன சொன்னியள் அக்கா? 'ஆர் உனக்குச் சொன்னது' எண்டு கேட்டியளோ?" என்றேன்.

"கேக்கேல்லை. இருபது வயசும் இராது, சின்னப் பெடியன். அவனுக்கு ஆர் சொன்னதெண்டு எனக்குத் தெரியும்தானே."

பிறகு புல்வெளியில் நடந்து பார்த்திருக்கிறார். கலங்கரை விளக்கத்தையும் கல்திட்டையும் குறி வைத்து, விறாந்தை எங்கே, குசினி எங்கே என்று தேடியிருக்கிறார். ஒரு செங்கல் இல்லை. கிணற்றைக்கூட மூடி மேலே புல் வளர்த்திருந்தார்கள். அந்த இடத்தில் தண்ணீர் தெளிக்கிற குழாய் ஒன்று சுற்றிக்கொண்டிருந்ததாம். அறைக்கும் போகாமல் அப்படியே திரும்பி வந்துவிட்டார்.

தாய் மதிலோரம் கல்லில் இருந்தா. மகளைக் கண்டதும் எழும்பினா.

"வீடு நிக்குதோ?"

"நிக்குது அம்மா."

"கூரை?"

"ஓடு கொஞ்சம் போயிட்டுது. மற்றும்படி இருக்கு."

"குசினிப் புகைபோக்கி?"

"கரி பிடிச்சு அப்பிடியே நிக்குது."

"பின் படி உடைஞ்சு கிடந்ததேயெடி?"

"அதுவும் உடைஞ்சபடிதான் கிடக்கு அம்மா."

கடைக்குள் வந்த ஒருவரையும் ஒரு பிழையான சொல்லோடு வெளியே விடாத மனிசி. ஒரு தேங்காய்க்காகச் சனத்துக்குள் பாய்ந்தவர். அவரைப் பெற்ற தாயிடமே, உடைந்த படி வரைக்கும் கணக்காகப் பொய் சொல்ல வைத்தார்களே, படுபாவிகள்! வீட்டை இடித்ததைக்கூட ஒரு நேரம் மறப்பேன். இதை மறக்கவே மாட்டேன்.

அந்தக் கிழமைத் தொலைபேசியும் வந்தது. கடையில் இரண்டு பேர் டிக்கெட்டுக்கு நின்றார்கள். தாயின் குரல் முந்தியைவிடத் தெளிவாக இருந்தது. அயலட்டை முழுக்கச் சொல்லிவிட்டாவாம்: வீடு நிற்குதாம், மகள் தன் கண்ணால் பார்த்தவளாம். ஒரு மேசனையும் கேட்டு வைத்திருக்கிறாவாம்.

"விட்ட உடனை போயிடலாம் பிள்ளை. பெரிய வேலை ஒண்டுமில்லை. கூட்டித் துடைச்சு, அந்தப் பின் படியை மட்டும் கட்டுவிச்சால் காணும், என்ன?"

அக்கா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"ஓம் அம்மா. படி மட்டும்தான்."